பிழையே இல்லாத நடனம்

வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆக்க நடனம் பழக்கப் போனேன். பரதம் சொல்லிக்கொடுத்தே பழகியவள் நான். முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டியில் முழங்கால் முன்னுக்கு வந்தால் தட்டுக்கழியால் ஓங்கி ஒரு தட்டு, அவ்வளவுதான். இங்கே அடவும் இல்லை, முத்திரையும் இல்லை. நடன ஆய்வாளர் ருடொல்ஃப் லாபன் அசைவை எடை, வெளி, நேரம், ஓட்டம் என்று பிரித்துப் பார்த்தாரே, அந்த வழி. கனமாக, இலேசாக, நேராக, வளைந்து என்று அசைந்து பார்த்துப் பிள்ளை தன் ஆட்டத்தைத் தானே கட்ட வேண்டும்.

முதல் நாளே பெருந்தன்மையாக, "இதில பிழை எண்டு ஒண்டுமே இல்லை" என்று சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வளைஞ்சு வளைஞ்சு, வேகமாப் போங்கோ" என்றேன். ஆறு, மீன், பாம்பு வருமென்று நினைத்தேன். வந்தது பத்துப் பன்னிரண்டு ஓட்டோ. ஒருவன் கோட்டைக்கு ஆள் ஏற்றும் பஸ் கொண்டக்டர் மாதிரிக் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கியபடி "கொட்டுவ, கொட்டுவ!" என்று கத்தினான்.

"பஸ் வளைஞ்சு போகாதே, தம்பி?"

"நூறாம் நம்பர் போகும், ரீச்சர்."

காலி வீதியில் தினமும் வருகிறவள் நான். மறுத்துப் பேச வாயில்லை.

சரி, எடைக்குப் போவோம் என்று, "யானை மாதிரிக் கனமா நடவுங்கோ" என்றேன். இரண்டு நிமிடம்தான். மாசியில் கங்காராமய விகாரையில் பார்த்த நவம் பெரஹரா, அந்த யானை ஊர்வலம், அப்படியே வகுப்புக்குள் வந்துவிட்டது. முன்னால் இரண்டு பேர் இல்லாத கசையைச் சுழற்றி வாயால் வெடிக்க வைத்தார்கள். நடுவில் கொம்பன், அவன் முதுகில் பேழையாக ஒரு சாப்பாட்டுப் பெட்டி. பின்னால் இருபது யானை, பலகைத் தளம் அதிர அதிர. உள்ளபடி சொன்னால், பிள்ளைகளிடம் அவ்வளவு நல்ல எடையை நான் பரத வகுப்பில்கூடப் பார்த்ததில்லை.

ஒரு பிள்ளை மட்டும் சுவரோரம் சப்பாணி கட்டி இருந்தது. "நீங்கள் ஆடேல்லையோ, அம்மா?"

"நான் சனம், ரீச்சர். பாய் போட்டு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

பிழை என்று சொல்ல முடியுமா? முடியாது.

கீழ்த்தளத்து வகுப்பறையில் ஐந்தாம் ஆண்டுக்குப் புலமைப்பரிசில் மாதிரிப் பரீட்சை நடப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வகுப்பு ரீச்சர் மூச்சு வாங்க மேலே வந்தார். "என்ன நடக்குது இஞ்ச? கீழ ஃபேன் ஆடுது! பிள்ளையள் கணக்குச் செய்யிறதோ, மேல பாக்கிறதோ?"

எனக்குப் பேச்சு வரவில்லை. தட்டுக்கழியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். யானைகள் எல்லாம் சிலையாகிவிட்டன. சுவரோரப் பிள்ளை மட்டும் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டியது.

"இதில இருங்கோ, ரீச்சர். பெரிய யானை இனித்தான் வரும்."

அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லாத பாயை மிதிக்காமல் சுற்றிப் போய், ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார்.