எழுத்தில் எதுவும் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் 22ஆம் தேதி பேச வேண்டும். தலைப்பு உங்கள் இஷ்டம் டீச்சர் என்று நூலகர் சொன்னதும், யோசிக்காமல் "முந்த்ரா விவகாரம்" என்று சொல்லிவிட்டேன். "அது யாரு டீச்சர்?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை, தெரியாததில் தப்பில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைக் கேட்காமல் யாரும் வளரவில்லை. அப்பா எல்.ஐ.சி. ஏஜெண்ட். பாலிசிதாரர்கள் கட்டிய எல்.ஐ.சி. பணம் 1957இல் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளுக்குப் போனதுதான் அந்த விவகாரம்.

சாயங்காலம் பீரோ மேலிருந்து அப்பாவின் ரெக்ஸின் பையை இறக்கினேன். உள்ளே 1957ஆம் வருஷத்து வசூல் நோட்டு. இடது பக்கம் பெயர், நடுவில் கெடு தேதி, வலது ஓரம் தொகை. கட்டியவர்களுக்கு ஒரு சின்ன டிக். அந்த மாதம் கட்ட முடியாதவர்களுக்கு 'பொ' என்று ஓர் எழுத்து. பொறுத்து வாங்கலாம் என்று அர்த்தம். மார்ச் வரை வெற்றிலைக் கடைக்காரரின் காலாண்டுத் தவணை 9 ரூபாய் 6 அணா என்று இருக்கிறது. ஏப்ரலுக்கு அப்புறம் அதுவே 9 ரூபாய் 37 ந.பை., அதாவது நயா பைசா. புது நாணயம் வந்தது அந்த ஏப்ரல் 1ஆம் தேதிதான். அப்போது நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

இந்த 9 ரூபாய் 37 காசிலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கப் போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

நாடாளுமன்ற மின்னூலகத்தில் பழைய மக்களவை விவாதங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். மகன் டேப்லெட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். எழுத்து மங்கலாக இருக்கிறது, பெரிதாக்கினால் உடைகிறது. ஆனாலும் படிக்க முடிகிறது.

முந்த்ரா விவகாரத்தை அவையில் கிளப்பிய பெரோஸ் காந்தி 1952இல் ரேபரேலியிலிருந்து மக்களவைக்கு வந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். ஆரம்ப வருஷங்களில் அவையில் அவர் குரல் அதிகம் கேட்கவில்லை. 1955 டிசம்பரில் எழுந்து பேசியபோது விஷயம் ஆயுள் காப்பீடு. தொழிலதிபர் ராம்கிருஷ்ண டால்மியா, தன் கையிலிருந்த பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் பணத்தை, அதாவது பாலிசிதாரர்களின் பணத்தை, தன் சொந்த வியாபாரங்களுக்குத் திருப்பிவிட்டார் என்று கணக்கோடு எடுத்து வைத்தார். டால்மியா பின்னால் சிறைக்குப் போனார்.

அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19ஆம் தேதி, ஆயுள் காப்பீட்டை அரசே எடுத்துக்கொள்ளும் அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. பிறந்தது. தனியார் கம்பெனி ஏஜெண்டாக இருந்த அப்பா அன்றிலிருந்து எல்.ஐ.சி. ஏஜெண்ட். "இனிமே சர்க்கார் பணம் மாதிரி, பயமே வேண்டாம்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாராம்.

ஜூன் 6, வெள்ளி

ஒரு சின்ன விஷயம், ஆனால் விட முடியாது. அவைக்குள் என்ன பேசினாலும் உறுப்பினர்மேல் வழக்குப் போட முடியாது. அதே பேச்சை அச்சிடும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்படியென்றால் உறுப்பினர் பேசி என்ன பயன்? அந்தப் பேச்சு அவைச் சுவரைத் தாண்டாதே! இதற்காகப் பெரோஸ் காந்தி தனிநபர் மசோதா கொண்டுவந்து 1956இல் சட்டமாகவே ஆக்கிவிட்டார். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்நோக்கமில்லாமல், உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்பு. சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14. அதில் இது ஒன்று.

நெருக்கடி நிலையின்போது, அவர் மனைவி இந்திரா காந்தியின் ஆட்சியிலேயே இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1977இல் திரும்ப வந்தது. அடுத்த வருஷம் 44ஆவது திருத்தம் அதே பாதுகாப்பை அரசியல் சட்டத்திலும் 361ஏ பிரிவாகச் சேர்த்தது. படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று விஷயத்தின் நடுவுக்கு வந்துவிட்டேன்.

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாவிலிருந்து இயங்கிய வியாபாரி. கடன் கழுத்துவரை ஏறியிருந்த நேரம். 1957 ஜூன் கடைசி வாரத்தில் அவருடைய பிடியிலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. அவரிடமிருந்தே வாங்கியது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரடாஸ், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், கான்பூரின் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன். மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்.

எங்கே முதலீடு செய்யலாம் என்று பார்ப்பதற்கென்றே எல்.ஐ.சி.யில் ஒரு முதலீட்டுக் குழு உண்டு. வாங்குவதற்கு முன்னால் அந்தக் குழுவை யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு இடத்தில். எல்.ஐ.சி. சட்டத்தின் 21ஆவது பிரிவைத் தேடி எடுத்துப் படித்தேன். பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயத்தில் மத்திய அரசு எல்.ஐ.சி.க்கு உத்தரவு தரலாம். ஆனால் எழுத்தில் தர வேண்டும். இந்த விவகாரத்தில் அப்படி ஒரு காகிதமே இல்லை. நிதிச் செயலாளர் ஹெச்.எம்.படேல் பேசினார், எல்.ஐ.சி. வாங்கியது. வெற்றிலைக் கடைக்காரரின் 9 ரூபாய் 37 காசுக்கு எங்கள் அப்பா ரசீது கொடுத்திருக்கிறார். ஒரு கோடிக்கு மேல் கைமாறியதற்கு ஓர் உத்தரவுக் கடிதம் கிடையாது.

முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்தினேன். 'வவுச்சர் இல்லாமல் பதிவு இல்லை' என்பதுதான் முதல் பாடம்.

ஜூன் 11, புதன்

அம்மாவுக்கு 87 வயது. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சுக் கொடுத்தேன். தேதி, வருஷம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஆனால், "கல்யாணமாகி வந்த தலைப்பொங்கல்டி. கரும்பு வாங்கப் போன எடத்துல உங்கப்பாவைச் சுத்தி நின்னுக்கிட்டு, எங்க பணத்தை எவனோ சேட்டுகிட்ட குடுத்துட்டாங்களாமே, பேப்பர்ல போட்டிருக்கானேன்னு கேட்டாங்களாம். வீட்டுக்கு வந்து பையை வச்சவரு ரெண்டு நாளு வசூலுக்குப் போகல" என்றார்.

அது 1958 தை மாதம். இந்த விவகாரத்தை விசாரிக்க சாக்ளா கமிஷனைப் போட்ட ஜனவரி. பேப்பரில் போடலாம் என்ற சட்டம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையிலிருந்து மின்வெட்டு. டேப்லெட்டில் சார்ஜ் இல்லை. ஒன்றும் படிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

1957 டிசம்பர் 16, திங்கள்கிழமை விவாதத்தைப் படித்து முடித்தேன்.

அதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தால்தான் அந்த நாளின் கனம் தெரியும். செப்டம்பரில் இன்னொரு காங்கிரஸ் உறுப்பினர் ராம் சுபக் சிங் கேள்வி கேட்டார். நேராகப் பதில் வரவில்லை. நவம்பரில் மறுபடி கேட்டார்கள். அப்போதும் முழுசாக வரவில்லை. கேள்வி நேரத்தில் அமைச்சர் முதலில் வாசிப்பது அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதில். அதற்குப் பிறகு உறுப்பினர்கள் எழுந்து கேட்கும் துணைக் கேள்விக்குத்தான் அமைச்சர் தன் வாயால் பதில் சொல்லியாக வேண்டும். வகுப்பில் பையன் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதை விட்டுவிட்டு, "சரி, இந்தப் பதிவு எதுக்குப் போட்டே?" என்று கேட்டால்தான் அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியும். அதே மாதிரிதான்.

16ஆம் தேதி பெரோஸ் காந்தி ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார், இன்று அடி பலமாக இருக்கும், திருப்பி இன்னும் பலமாக அடிப்பார்கள் என்றும் தெரியும் என்று. எதிர்த்தரப்பிடமும் டி.என்.டி. வெடிமருந்து நிறைய இருக்கிறது என்கிறார். நிதியமைச்சர் கிருஷ்ணமாச்சாரியை எல்லாரும் அழைக்கும் டி.டி.கே. என்ற பெயரை வைத்து ஒரு விளையாட்டு. அவை சிரித்திருக்கும். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குப் பின்னால் வருவது. நாடாளுமன்றமே உருவாக்கிய மிகப்பெரிய நிதி நிறுவனத்தை நாடாளுமன்றம்தான் கண்காணிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நேராக விலைக்குப் போய்விடுகிறார். எந்தப் பங்கு, எந்தத் தேதியில் சந்தையில் என்ன விலை, எல்.ஐ.சி. கொடுத்தது என்ன விலை. சந்தையைவிடக் கூடுதலாகக் கொடுத்தது ஏன்? வாங்குவதற்குச் சில நாள் முன்பு விலை ஏறியது எப்படி?

யாரையும் திட்டவில்லை. தேதியையும் விலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். எதிரே அமைச்சர் நாற்காலியில் இருந்தது தன் கட்சி, தன் மாமனாரின் அரசு. எதிர்க்கட்சிக்காரர் கேட்டிருந்தால் அரசியல் என்று ஒதுக்கியிருப்பார்கள். இவரை அப்படி ஒதுக்க முடியவில்லை.

ஜூன் 18, புதன்

1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவை ஒருநபர் கமிஷனாகப் போட்டார்கள். பிப்ரவரி 10ஆம் தேதி அறிக்கை கொடுத்துவிட்டார். ஏறத்தாழ ஒரு மாதம்! இப்போதெல்லாம் கமிஷன்களுக்குக் கால நீட்டிப்பு கொடுத்துக்கொண்டே போவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம்ப முடியவில்லை. விசாரணையும் மூடிய அறையில் இல்லை. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். நிதியமைச்சர், நிதிச் செயலாளர், எல்.ஐ.சி. அதிகாரிகள் எல்லாரும் ஜனங்கள் கேட்கும்படி சாட்சி சொன்னார்கள்.

கல்கத்தா பங்குச் சந்தையைத் தூக்கி நிறுத்தத்தான் வாங்கினோம் என்ற வாதத்தை சாக்ளா ஏற்கவில்லை. எனக்குத் தெரியாது என்று அமைச்சர் ஒதுங்கவும் முடியாது, செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றார். பாலிசிதாரர் பணம் பாலிசிதாரர் நன்மைக்கு மட்டும் என்றும் சொன்னார். டி.டி.கே. அந்தப் பிப்ரவரியிலேயே ராஜினாமா செய்தார்.

ஜூன் 20, வெள்ளி

டி.டி.கே.யைப் பற்றி எப்படிப் பேசுவது என்று இரண்டு நாளாகக் குழப்பம். தென் சென்னையில் ஜெயித்துப் போனவர், திறமைசாலி, நம் ஊர்க்காரர். கூட்டத்தில் அவர்மேல் அபிமானம் உள்ள பெரியவர்கள் இருப்பார்கள். அவர் சட்டைப்பையில் ஒரு காசு போனதாக யாரும் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். 1962இல் திரும்ப அமைச்சரானார், 1963இல் அதே நிதித்துறைக்கு வந்தார். ஹெச்.எம்.படேல் 1977இல் ஜனதா ஆட்சியில் நிதியமைச்சரே ஆனார். பெரோஸ் காந்தி இதில் எதையும் பார்க்கவில்லை. 1960 செப்டம்பர் 8ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். 48 வயது நிறைய நான்கு நாள் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அப்பாவின் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். நடுவில் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முடிந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, எழுத்துல ஒண்ணுமே இல்லையா?" என்றார். இல்லைங்க ஐயா என்றேன். "நாங்க பத்து ரூபா மணியார்டர் குடுக்கவே கையெழுத்து வாங்குவோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகிட்ட ரேகை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கையெழுத்துப் போடச் சொல்லுவோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட அது நன்றாக இருந்தது.

கல்லூரியில் பி.காம். படிக்கும் இரண்டு பெண்கள் கடைசிவரை இருந்தார்கள். "இப்பவும் எம்.பி. கேக்குற கேள்வியெல்லாம் நாம பாக்கலாமா மேடம்?" என்று கேட்டார்கள். அங்கேயே டேப்லெட்டைத் திறந்து, உறுப்பினர் பெயரைப் போட்டு எப்படித் தேடுவது என்று காட்டினேன். கேள்வியும் இருக்கிறது, அமைச்சர் கொடுத்த பதிலும் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

அந்தப் பெண்களில் ஒருத்தி போன் செய்தாள். நம் தொகுதி உறுப்பினர் இந்த வருஷம் கேட்ட கேள்விகளையெல்லாம் பிரிண்ட் எடுத்துவிட்டார்களாம். "ஒரு பதில்ல, நிதி ஒதுக்கியாச்சுன்னு மட்டும் இருக்கு மேடம். எவ்வளவு, எந்தத் தேதியில, எதுக்குச் செலவாச்சுன்னு இல்ல" என்றாள். அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வை, சனிக்கிழமை காலை நூலகம் திறந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சேர்ந்து உட்கார்ந்து உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.