ஆடிஷன் அறைக்கு வெளியே

கர்நாடக இசையில் திறமைக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் சென்னையைத் தாண்டிப் போய்ப் பாட்டுக் கேட்டதில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன். வானொலி நிலையத்தின் இசைப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கண்டது வேறு. பாடத் தெரிந்தவர்களும் வாசிக்கத் தெரிந்தவர்களும் ஏராளமாக இருந்தார்கள். வானொலியில் பாட எடுக்கும் தேர்வான ஆடிஷனுக்கு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, பக்கவாத்தியத்துக்கு யாரைக் கூப்பிடுவது, பாட்டுப் பட்டியலில் எதை எழுதுவது, எதை விடுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மயிலாப்பூரில் வளரும் பிள்ளைக்கு இதெல்லாம் குருவின் வீட்டுக் கூடத்திலேயே காதில் விழுந்துவிடும். தாலுகா ஊரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு எங்கள் அலுவலக வாசலில் நின்று கேட்டால்தான் உண்டு, அதையும் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வுக் குழுவில் நான் உட்கார்ந்ததே இல்லை. விண்ணப்பம் வாங்குவது, ஸ்டூடியோ ஒதுக்குவது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது, இவைதான் என் வேலை. அதனால் அறைக்குள் நடப்பதைவிட வெளியே பெஞ்சில் நடப்பதுதான் எனக்கு அதிகம் தெரியும்.

வானொலித் தேர்வு முறை இன்றைய வடிவத்துக்கு வந்தது பி. வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில். 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்தவர் அவர். யார் பாடுகிறார் என்று தெரியாமல் கேட்டு மதிப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தபோது, 'எங்களையா பரீட்சை பண்ணுவது' என்று வடக்கே பல வித்வான்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் ஊர் மாதிரி இடத்தில் அந்த ஏற்பாடு செய்த நன்மை பெரியது. குரு யார், எந்தக் குடும்பம், என்ன சாதி, யார் சிபாரிசு, எதுவும் உள்ளே போகாது. குரல் மட்டும்தான் போகும். நிலையத்தின் உள்ளூர்க் குழு தேறியதாகச் சொன்னால் பதிவு டெல்லியில் உள்ள இசைத் தேர்வு வாரியத்துக்குப் போகும், அங்கிருந்து பி, பி ஹை, ஏ என்று கிரேடு வரும். எல்லாவற்றுக்கும் மேலே டாப்.

கிரேடு என்பது கலைக்கு மார்க் போடுவது, அது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கச்சேரிகளும் சீடர்களும் நிறைய உள்ளவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி கட்டுப்படியாகும். சின்ன ஊரில் பாட்டு டீச்சருக்கு அந்த ஒரு காகிதம் வந்துவிட்டால் கோயில் கச்சேரியில் பேசும் தொகை மாறும், பள்ளிக்கூடத்தில் மரியாதை மாறும், கல்யாணத்துக்கு வாசிப்பவரின் விசிட்டிங் கார்டில் 'வானொலிக் கலைஞர்' என்று ஒரு வரி ஏறும். பெண்ணைப் பாட அனுப்புவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த மாமனார் வீட்டில் ரேடியோவில் பேர் சொன்ன அன்றோடு பேச்சு அடங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஒலிபரப்புக்குக் கொடுக்கும் சன்மானம் அப்படி ஒன்றும் பெரிய தொகை இல்லை, அது வேறு விஷயம்.

சரி, பெஞ்சுக்கு வருவோம். இளம் பாடகர்கள் கொண்டுவரும் பட்டியலைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பாடச் சிரமமான விவாதி ராகம் ரெண்டு, யாரும் கேட்டிராத ராகம் ஒன்று, போன மாதம் யூடியூபில் பிடித்த பல்லவி ஒன்று. குழுவை அசத்த வேண்டுமாம். பட்டியலில் எழுதிய எதையும் கேட்கலாம் என்பதுதான் அங்கே வழக்கம். நாசிகாபூஷணி மாதிரி விவாதி ராகத்தை எழுதி, ஒப்புக்குத் தோடியையும் சேர்த்துவிட்டு, 'தோடி பாடுங்க' என்று ஸ்பீக்கரில் குரல் வந்தால் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் ஆட்டம் காண்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது கொடுமை. தோடி, பைரவி, காம்போதி, கல்யாணி, சங்கராபரணம். இந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பினாலும் பாட வரவேண்டும். அப்புறம் சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரியில் ஆளுக்குச் சில கீர்த்தனைகள், தமிழ்ப் பாட்டுக்கு கோபாலகிருஷ்ண பாரதியோ பாபநாசம் சிவனோ. அவ்வளவு போதும். அபூர்வ ராகத்தைக் கிரேடு வந்த பிறகு ஆசைதீரப் பாடிக்கொள்ளலாம். இன்னொன்று, பக்கவாத்தியக்காரரை ஆடிஷன் அன்று காலையில் முதல் முறையாகச் சந்திப்பது. வயலின்காரர் வேறு சுருதிக்குக் கட்டிவைத்திருப்பார், பாடகிக்கு வியர்த்துக்கொட்டும். முந்தின வாரம் ஒரே ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இந்த அவஸ்தை இல்லை.

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபாவில் பாடிப் பழகியவர்கள் தலையை ஆட்டி, கையை வீசி, பக்கத்தில் திரும்பி வயலினுக்கு ஒரு சிரிப்புச் சிரித்துப் பாடுவார்கள். மேடையில் அது அழகு. ஸ்டூடியோவில் தலை திரும்பிய இடமெல்லாம் சாகித்யம், அதாவது பாட்டின் வரி, பாதி காணாமல் போகும். கேட்பவர்களுக்கு முகம் தெரியாது, தேய்ந்துபோன ஒரு சொல்தான் தெரியும்.

நாகஸ்வரக்காரர்கள் கதை தனி. அவர்கள் அளவுக்கு ராகத்தில் ஊறியவர்கள் யாரும் இல்லை, ஆனால் ஆடிஷனில் அவர்கள் அளவுக்குத் தடுமாறுபவர்களும் இல்லை. காரணம் ஞானம் அல்ல, அறைதான். திறந்த வெளியில், கோபுர வாசலில், சாமி புறப்பாட்டில் அதற்கென்றே உள்ள மல்லாரி வாசித்து வளர்ந்த வாத்தியத்தை ஜமுக்காளம் விரித்த குளிர் அறையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம். ஏ.சி. காற்றில், வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்துபோகிறது. எச்சில் ஈரத்தில் பதமாக வைத்திருக்க வேண்டிய நாணல் துண்டு அது, காய்ந்தால் சுருதி நிற்காது, பிசிறும். தவிலின் தோலும் அறையின் குளிருக்கு ஏறி இறங்கும். இப்போது தோல்வாரால் இழுத்துக் கட்டிய தவிலுக்குப் பதில் நட்டுப் போல்ட் போட்ட தவில் வந்துவிட்டதால் முறுக்கிச் சரிசெய்வது சுலபம், ஆனால் முறுக்க நேரம் கொடுக்க வேண்டுமே.

ஒரு தடவை கோயில் ஊர் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் வந்திருந்தார். பரம்பரைக்காரர். அப்பாவும் தாத்தாவும் அதே கோயிலில் வாசித்தவர்கள். வாத்தியத்தில் தொங்கிய சீவாளிக் கொத்தை ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதிப் பார்த்து, ஒன்றும் சரிப்படாமல் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தார். இஞ்சினியரிடம் சொல்லி ஏ.சி.யை நிறுத்தச் செய்தேன். மைக்கை அவரிடமிருந்து தள்ளி வைத்து, தவில்காரரை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினோம். தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டே எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார், தன்னை ஒதுக்குகிறோம் என்று நினைத்திருப்பார். 'அண்ணே, உங்க ஒரு அடிக்கு இந்த ஊசி அந்தக் கோடிக்குப் போயிடுது, வேற ஒண்ணுமில்ல' என்று மீட்டரைக் காட்டியதும்தான் சிரித்தார்.

பெரியவர் கேட்டார், 'எவ்வளவு நேரம் வாசிக்கலாம் சார்?'

'ஆலாபனை நாலு நிமிஷத்துக்குள்ள முடிச்சிட்டா நல்லதுங்க ஐயா.'

'நாலு நிமிஷத்துல சாமி வாசப்படியே தாண்டாதே!'

கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுச் சொன்னார். சன்னிதித் தெருவில் ஒரு ராகத்தை நிதானமாகத் திறந்துகொண்டே போய் மேலவீதி திரும்பும்போதுதான் உச்ச ஸ்வரங்கள் உள்ள தார ஸ்தாயிக்குப் போவது என்று கணக்கு வைத்திருப்பவர். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரே, 'சரி, தெருமுனையில ஜனம் சேர்ந்து நிக்கும் பாருங்க, அங்க வாசிக்கிறதை மட்டும் வாசிக்கிறேன்' என்றார். வாசித்தார். எடுத்த எடுப்பிலேயே காம்போதி முகம் காட்டியது. அவருக்கு பி ஹை வந்தது. எனக்கு அன்று புரிந்தது, நாங்கள் கேட்பது குறைவான சங்கீதம் இல்லை, சங்கீதத்தில் வேறு ஓர் இடத்திலிருந்து தொடங்குவதைத்தான். அதை அவர்களுடைய பாஷையில் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த நாகஸ்வரக்காரர்களிடமெல்லாம் 'தெருமுனையில வாசிக்கிற மாதிரி' என்றே சொல்லிவந்தேன்.

கிரேடு வாங்கியவர்கள் அதோடு நின்றுவிடுவதும் உண்டு. பி கிரேடிலேயே ஆயுசு முழுக்க இருப்பவர்கள் எத்தனையோ பேர். உயர்த்தக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது தெரியாமல் இல்லை, ஃபெயிலானால் மானம் போகும் என்ற பயம். ஊரில் ஒரு ரகசியமும் தங்காது என்பதால் அந்தப் பயத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது.

விருது விஷயத்துக்கு வருகிறேன். கலைமாமணி எல்லோருக்கும் தெரியும். மாவட்டக் கலை மன்றம் வயது வாரியாகத் தரும் விருதுகள் பலருக்கும் தெரியாது. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. சங்கீத நாடக அகாடமி 2006-லிருந்து 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பிஸ்மில்லா கான் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. மாவட்ட விருதுக்கு நாமே விண்ணப்பிக்க வேண்டும், கச்சேரி செய்ததற்கு ஆதாரம் இணைக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். கோயிலில் வாசிப்பவருக்கு யார் அழைப்பிதழ் அடிக்கிறார்கள்? ஆனால் திருவிழா நோட்டீஸ் இருக்கும், அந்த ரோஸ் கலர் தாள். அதன் கடைசியில் 'மங்கள இசை' என்று போட்டுப் பெயர் போட்டிருப்பார்கள். சில கல்யாணப் பத்திரிகைகளிலும் இருக்கும். இதையெல்லாம் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்வேன். ஒரு தவில்காரர் வீட்டில் பரணிலிருந்து இறக்கிய மஞ்சள் பையில் அவருடைய அப்பா காலத்து நோட்டீஸ்கள்கூட இருந்தன. வருஷவாரியாக அடுக்கி நகல் எடுத்தோம்.

இதில் சுயமரியாதையும் குறுக்கே வரும். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் அம்மா, 'கேட்டு வாங்கறதுக்குப் பேர் விருதா?' என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அவர் கேட்டது சரிதான். ஆனால் அவருக்காகக் கேட்பதற்கு ஊரில் வேறு யாரும் இல்லை என்பதும் நிஜம். அவருடைய மாணவிகள் இரண்டு பேர் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோனார்கள், திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தனியார் அமைப்புகள் தரும் விருதுகளில் ஒரு ரகம் உண்டு. போன் வரும், 'உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், விழாச் செலவுக்கு இவ்வளவு நன்கொடை.' அப்படி வாங்கிய ஷீல்டுகளைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். பணம் போனது போகட்டும், நிஜமான விருது வந்தாலும் ஊரார் 'இதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?' என்று கேட்கும் நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கச்சேரி மேடையில் உள்ளூர்க்காரருக்கு உள்ளூர்க்காரர் என்பதே சாபம். சென்னையிலிருந்து வருபவருக்கு ரயில் டிக்கெட், தங்கும் அறை, பேசிய தொகை. நம்ம ஊர்ப் பையனுக்கு ஒரு பொன்னாடை, 'நம்ம பிள்ளைதானே' என்று முதுகில் ஒரு தட்டு. இரண்டு மணி நேரம் பாடியிருப்பான், வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் நவராத்திரிக் கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் குழுவில் சேர்ந்தபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, கவர் முதலில், பொன்னாடை பிறகு. முணுமுணுத்தார்கள். பொன்னாடைச் செலவைக் குறைத்தாலே கவருக்குப் பாதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் அடங்கினார்கள்.

அங்கே இன்னொரு வேலையும் செய்கிறோம். இளம் பாடகருக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள மிருதங்க வித்வானை உட்கார வைப்பது, கச்சேரியை ஒழுங்காகப் பதிவு செய்து கொடுப்பது. சென்னை சபாக்களில் வாய்ப்புக் கேட்டால் முதலில் கேட்பது பதிவைத்தான். போனில் எடுத்தது, பக்கத்துச் சீட்டு இருமலோடு, அனுப்பி என்ன பிரயோஜனம்? சென்னையின் மார்கழிக் கச்சேரி சீசனுக்குப் போயே ஆகவேண்டும் என்று கடன் வாங்கிக் கிளம்புபவர்களை மட்டும் நான் கொஞ்சம் தடுப்பேன். மத்தியானம் ஒன்றரை மணிக் கச்சேரியில் முன்வரிசையில் நாலு பேர், அதில் ரெண்டு பேர் சொந்தக்காரர்கள், மீதிக் கூட்டம் கேண்டீனில். அதற்குப் பக்கவாத்தியச் செலவு, தங்கும் செலவு, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் ஊரில் ஒரு வருஷம் டியூஷன் எடுத்த பணம் காலி. மேடையில் நாலைந்து வருஷம் அடிபட்ட பிறகு போனால் அதே ஒன்றரை மணி வேறு மாதிரி இருக்கும்.

இப்போது என்னை அதிகம் கவலைப்படுத்துவது வயலின். பாட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் வயலின் பக்கம் போகிறவர்கள் மிகவும் குறைவு, கையை வில்லுக்குப் பழக்கவே ஒன்றிரண்டு வருஷம் ஆகும், அதற்குள் பத்தாம் வகுப்பு வந்துவிடும். வானொலி நிலையங்களில் சம்பளத்துக்கு வாசிக்கும் நிலைய வித்வான்கள் இருந்த வரை ஆடிஷனுக்கு வருகிறவருக்கு வாசிக்க ஒருவர் கிடைத்துவிடுவார், அந்த இடங்கள் பலவற்றில் ஓய்வு பெற்றவருக்குப் பதில் ஆள் வருவதில்லை. எங்கள் பக்கத்தில் பாடத் தயாராக இருக்கும் பெண்கள் மூன்று நான்கு பேர் ஒரே வயலின்காரரின் தேதிக்காகக் காத்திருக்கிறார்கள், அவருக்கோ கல்யாண சீசனில் தேதியே கிடையாது. அதனால் வயலின் கற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வருஷம் நவராத்திரிக் குழுவே வகுப்புக்கான மாதச் சம்பளம் கட்டலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பணம் பாதி சேர்ந்திருக்கிறது. மீதிக்கு அரிசி மண்டிக்காரர் ஒருவரைப் பார்க்கப் போகவேண்டும், அவருக்குப் பாட்டுப் பிடிக்காது, ஆனால் அவர் பேத்திக்கு வயலின் பிடிக்குமாம்.