கையில் மூன்று ஆஃபர்: சென்னை நிதித்துறை இன்டர்ன்ஷிப்பில் எதை எடுப்பது?

பிப்ரவரி, மார்ச் வந்தால் பி.காம்., எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். கிண்டியில் வங்கி அல்லாத நிதி நிறுவனம் (என்பிஎஃப்சி) ஒன்று கூப்பிடுகிறது, ஓஎம்ஆரில் வெளிநாட்டு வங்கி ஒன்றின் பேக் ஆபீஸ் கூப்பிடுகிறது, தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸும் வரச் சொல்கிறது. எங்கே சேருவது? பெரிய பெயராகப் பார்த்துப் போ என்பார்கள் வீட்டில். ஸ்டைபெண்ட் எங்கே அதிகமோ அங்கே போ என்பார்கள் நண்பர்கள். இதெல்லாம் அப்புறம். இரண்டாவது வாரம் உங்கள் மேஜைக்கு என்ன ஃபைல் வரும், அதில் நீங்கள் செய்த வேலையை யார் திருத்துவார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எட்டு வார இன்டர்ன்ஷிப் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.

அதற்கும் முன்னால் பத்து நிமிட வேலை ஒன்று உண்டு. கூப்பிடுவது உண்மையான நிறுவனமா என்று பார்த்துவிட வேண்டும். என்பிஎஃப்சி என்றால் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பெயர் இருக்கும். பங்குத் தரகர் என்றால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி தரும் பதிவு எண் ஐஎன்இசட் என்று தொடங்கும். ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐஎன்எச், முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ. ஆடிட்டர் ஆபீஸுக்கு எஃப்ஆர்என் என்கிற நிறுவனப் பதிவு எண் இருக்கும், நம் தென் மண்டலத்தில் அதன் கடைசி எழுத்து எஸ். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் செக், ஒரிஜினல் மார்க் ஷீட் என்று எதைக் கேட்டாலும் அங்கேயே விட்டுவிடலாம். அதற்குமேல் ஆராயத் தேவையில்லை.

அடுத்து போன். ஹெச்ஆரிடம் பேசினால் பிரவுச்சரில் இருப்பதையே படித்துக் காட்டுவார்கள். 'நான் ரிப்போர்ட் பண்ணப் போகிற சாரிடமோ மேடத்திடமோ பத்து நிமிஷம் பேச முடியுங்களா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். மறுத்தால் டீமே இன்னும் முடிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவரிடம் கேட்க வேண்டியவை: போன வருடம் வந்த இன்டர்ன் என்ன முடித்துக் கொடுத்தார், சிஸ்டம் ஆக்சஸ் எத்தனை நாளில் வரும், வேலை எக்செல்லிலா நிறுவனத்தின் சாஃப்ட்வேரிலா, டார்கெட் ஏதும் உண்டா. கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம் இழுத்தால் உஷாராகிவிடுங்கள்.

சென்னை என்பிஎஃப்சிகளின் ஊர். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இலும், ஸ்ரீராம் 1974இலும், சோழமண்டலம் 1978இலும் இங்கே தொடங்கியவை. வண்டிக் கடன் இங்கே பழகிய தொழில். அதனால் கடன் கொடுக்கலாமா என்று ஃபைலைப் பரிசீலிக்கும் கிரெடிட் டீமில் இடம் கிடைத்தால், என் கணக்கில், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு ஒரு படி முன்னுரிமை. காரணத்துக்கு ஒரு பழைய லாரிக் கடன் ஃபைலைத் திறந்து பார்த்தால் போதும்.

உள்ளே ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று), இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), மதிப்பீட்டாளர் அறிக்கை, 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட், ஜாமீன்தாரர் ஆவணங்கள் எல்லாம் இருக்கும். ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணையும், வண்டியில் பொறித்த எண்ணை மதிப்பீட்டாளர் எடுத்த போட்டோவையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஃபைல் நிற்கும். எஃப்சி முடிந்திருந்தால் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. வண்டி ஓடாவிட்டால் வருமானம் இல்லை, முதல் தவணையே பவுன்ஸ் ஆகும். வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அது பழையவர் பெயரிலேயே கிடந்தால் விபத்து நடந்த அன்றுதான் வினை தெரியும்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மாதக் கடைசி இருப்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 5, 10, 15 என்று சில தேதிகளில் இருப்பு என்ன, விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் முன்னால் திடீரென்று ரொக்கம் விழுந்திருக்கிறதா, எத்தனை செக் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிபிலில் வராத கடன்களும் உண்டு. மாதாமாதம் ஒரே தொகை ஒரே ஆளுக்குப் போனால் அது ஊர் ஃபைனான்ஸியரிடம் வாங்கியதாக இருக்கலாம், கேட்டுவிட வேண்டும். பணம் கொடுத்தபிறகும் வேலை முடியாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, அடமானப் பதிவுக்குப் படிவம் 34 என்று ஆர்டிஓவுக்குப் போய், நிறுவனத்தின் பெயர் ஏறிய ஆர்சி திரும்பி வர வேண்டும். அதைத்தான் பிடிடி (கடன் கொடுத்தபின் வர வேண்டிய ஆவணம்) பெண்டிங் என்று கிளைகளில் தினமும் கத்திக்கொண்டிருப்பார்கள். அது வராதவரை கொடுத்த பணத்துக்குப் பிடி இல்லை. இப்படி முப்பது ஃபைல் பார்த்த மாணவருக்கு 'கிரெடிட் ரிஸ்க்' என்பது வெறும் பாடப்புத்தகத் தலைப்பாக இருக்காது.

புராஜெக்ட் கேட்டால் ஒன்று சொல்லலாம். ஒரே மாதத்தில் கொடுத்த கடன்களை ஒரு தொகுப்பாக எடுத்து, 6ஆவது மாதத்திலும் 12ஆவது மாதத்திலும் எத்தனை கணக்கு 30 நாள் நிலுவையைத் தாண்டின என்று பார்ப்பது. எக்செல் போதும், ரிப்போர்ட்டும் கனமாக நிற்கும். நிலுவை 60 நாளைத் தாண்டினால் எஸ்எம்ஏ-2 என்கிற எச்சரிக்கை நிலை, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் என்கிற படிகளைச் சேரும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே நிறுவனத்திலேயே கலெக்‌ஷன் டீமில் தள்ளிவிடுவதும் நடக்கும். போனைக் கையில் கொடுத்து, நிலுவைக்காரர்களைக் கூப்பிடச் சொல்வார்கள். ஓரிரு வாரம் கற்றுக்கொள்ள நல்லது, எட்டு வாரமும் அதுவே என்றால் வேண்டாம். வசூல் அழைப்பு காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை மீறச் சொல்கிற இடத்தில் இன்டர்னாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓஎம்ஆர், போரூர் பக்கம் உள்ள வெளிநாட்டு வங்கிகளின் பேக் ஆபீஸ்களில் ரெகன்சிலியேஷன் (இரண்டு கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது), கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு), ஃபண்ட் கணக்கு மாதிரியான வேலைகள் இருக்கும். ஒழுங்கு, எழுதிவைத்த நடைமுறை, ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்கும் மேக்கர்-செக்கர் பழக்கம் எல்லாம் அங்கே நன்றாகப் படியும். சிக்கல் ஆக்சஸில்தான். லாகின் வருவதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகிவிட்டால் எட்டு வார இன்டர்ன்ஷிப்பில் மிஞ்சுவது என்ன? அங்கிருந்து ஒரு வரி டேட்டாகூட வெளியே கொண்டுவர முடியாது. கல்லூரி ரிப்போர்ட்டுக்கு எண்கள் வேண்டுமென்றால், எதை எழுதலாம், யார் அனுமதி தருவார் என்று சேரும் முன்பே மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட்டையும் கேளுங்கள். அமெரிக்கச் சந்தை 2024 மே 28 முதல் டி+1க்கு, அதாவது டிரேடு நடந்த அடுத்த வேலை நாளிலேயே பணமும் பங்கும் கைமாறும் முறைக்கு, மாறிவிட்டது. அன்றைய டிரேடை அன்றே சரிபார்க்க வேண்டியிருப்பதால் அந்த டீம்களின் பரபரப்பு நேரம் நமக்கு இரவு. இரவில் வீட்டுக்குக் கொண்டுவிடும் கேப் இன்டர்னுக்கும் உண்டா என்பது தனிக் கேள்வி. பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான் என்று முதல் நாள் சொல்லும் இடங்கள் உண்டு.

ஆடிட்டர் ஆபீஸில் எந்த மாதம் சேருகிறீர்கள் என்பதுதான் எல்லாமே. ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட், மே 31க்குள் நான்காம் காலாண்டு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வரி) ரிட்டர்ன், பெரும்பாலான மாதங்களில் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டுவது, 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன், செப்டம்பர் 30 டேக்ஸ் ஆடிட். ஏப்ரல், மே இரண்டும் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். பத்துப் பேர் இருக்கும் சின்ன ஆபீஸில் வவுச்சர் முதல் பேலன்ஸ் ஷீட் வரை ஒரே ஆள் பார்க்க வாய்ப்புண்டு. பெரிய ஆபீஸில் ஒரே கம்பெனியின் நிலையான சொத்து அட்டவணையோடு ஒரு மாதம் ஓடிவிடும்.

புரோக்கிங் ஆபீஸ்களில் பல 'இன்டர்ன்ஷிப்' டீமேட் கணக்கு பிடிக்கும் வேலைதான். ஸ்டைபெண்ட் நிலையானதா, ஒரு கணக்குக்கு இவ்வளவா என்று கேட்டால் குட்டு வெளிப்படும். மியூச்சுவல் ஃபண்ட் விற்கச் சொன்னால், அதற்கு என்ஐஎஸ்எம் நடத்தும் 5-ஏ தேர்வும், மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவும் வேண்டும். அது இல்லாமல் மாமா, சித்தப்பாவிடம் விற்கச் சொல்வது முறையில்லை, அவர்கள் நஷ்டப்பட்டால் தீபாவளிக்கு வீட்டுக்குப் போக முடியாது. உண்மையான ரிசர்ச் டெஸ்க் என்றால் வேறு கதை. காலாண்டு முடிவுகளை எடுத்து, கம்பெனியின் வருங்கால வருமானத்தைக் கணிக்கும் மாடல் போட வைப்பார்கள், அதைத் தவறவிடக்கூடாது.

டிகிரி முடித்தவர்களுக்கு அரசு வங்கிகளின் அப்ரென்டிஸ் வாய்ப்பும் உண்டு. இந்தியன் வங்கி 2024இல் 1,500 இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. அப்போது நகரக் கிளைகளில் மாதம் 15,000 ரூபாய், அதில் 4,500 அரசின் பங்கு. ஆனால் அது ஒரு வருடம், பயிற்சி முடிந்தால் வேலை உறுதி என்று எதுவும் இல்லை.

பணக் கணக்கைக் கையில் மிஞ்சுவதை வைத்துப் போடுங்கள். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஒரே மின்சார ரயில். அதே ஆள் சிறுசேரிக்குப் போக வேண்டுமென்றால் போக வரவே நிறைய நேரம் போய்விடும், இல்லையென்றால் பக்கத்தில் தங்க பிஜி வாடகை. எம்டிசி பேருந்து மாதப் பாஸ் 1,000 ரூபாய். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகள் இலவசம். கிண்டியின் 8,000 ரூபாய் சிறுசேரியின் 12,000 ரூபாயைவிடக் கையில் அதிகம் நிற்கலாம். சில நிறுவனங்கள் ஸ்டைபெண்டைத் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டி, ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், பான் எண்ணில் பிடித்த வரி ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும், அதனால் பானைச் சேரும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

முடிவெடுத்ததும் கடிதத்தைப் படியுங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், எந்தத் துறை, யாரிடம் ரிப்போர்ட், ஸ்டைபெண்ட் எந்தத் தேதியில் எந்தக் கணக்கில், லெட்டர்ஹெட்டில் சான்றிதழ் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 'ஃபைனான்ஸ் இன்டர்ன்' என்று மட்டும் இருந்தால் துறையின் பெயரைச் சேர்த்துத் தரக் கேளுங்கள். கல்லூரி தரும் தடையில்லாச் சான்றில் (என்ஓசி) உள்ள தேதியும் இதுவும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சான்றிதழைத் திருப்பிவிடுவார்கள்.

யோசிக்க மூன்று நாள் அவகாசம் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்லூரி பிளேஸ்மென்ட் வழியாக வந்த ஆஃபர் என்றால், ஒன்றை ஏற்றுவிட்டு இன்னொன்றுக்குத் தாவ முடியாது என்ற விதி இருக்கிறதா என்று கோஆர்டினேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்கிற இடத்துக்கு நாலு வரி மெயில் போதும்: நன்றி, வேறு வாய்ப்பை ஏற்றிருக்கிறேன், இந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மெயில் போட்ட கையோடு உங்களிடம் பேசிய மேனேஜருக்கும் ஒரு போன் செய்துவிடுங்கள். சென்னை நிதித்துறை சின்ன வட்டம், டிசம்பரில் வேலைக்கு நேர்காணல் போகும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் அவரே உட்கார்ந்திருக்கலாம்.