ராஜத்துரோகமா, தேசத்துரோகமா?

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜனவரி 26 நெருங்கினால் பேச்சுப்போட்டித் தாள்கள் டைப்படிக்க வரும். பாதிக்கு மேல் வ.உ.சி.தான். அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்பதையெல்லாம் இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நேற்று பக்கத்துத் தெரு எட்டாம் வகுப்புப் பிள்ளை பென்சிலில் எழுதிக் கொண்டுவந்தாள். '1908இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, தேசத்துரோக வழக்கில் வ.உ.சி.க்கு 40 ஆண்டு தண்டனை விதித்தார்.'

"எம்மா, இது ராஜத்துரோகம்லா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

ஒன்றில்லை. ராஜத்துரோகம் என்று அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு சொன்னது, சட்டப்படி அமைந்த அரசாங்கத்தின் மேல் வெறுப்பு மூட்டுவதை. அரசாங்கத்தைத் திட்டினால் குற்றம், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் சர்க்காரைத் திட்டியவர் எந்த தேசத்துக்குத் துரோகம் செய்தார்? பேப்பர்க்காரர்கள்தான் பிற்பாடு இதைத் தேசத்துரோகம் என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் இது பேச்சாகியிருக்கிறது. பேச்சுரிமைக்கு வரம்பு போடும் பட்டியலில் இந்த ராஜத்துரோகக் குற்றத்தின் பெயரும் அரசியலமைப்பு வரைவில் இருந்தது. 1948 டிசம்பரில் சபை உறுப்பினர் கே.எம்.முன்ஷி அதை எடுக்கச் சொன்னார், எடுத்தும் விட்டார்கள். ஆனால் தண்டனைச் சட்டத்தில் 124ஏ அப்படியே இருந்தது. பட்டியலும் சும்மா இருக்கவில்லை. 1951இல் பொது ஒழுங்கு சேர்ந்தது. 1963இல் 16ஆம் திருத்தம் 'இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு' என்று சேர்த்தது. யாரை மனதில் வைத்து என்பது நம் பக்கத்தில் பெரியவர்களுக்குத் தெரியும்: திராவிட நாடு கேட்டவர்களை. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது, 1967இல் ஆட்சிக்கும் வந்தது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124ஏவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா; 124ஏ இருந்த இடத்தில் அதன் 152ஆம் பிரிவு. அரசாங்கத்தின் மேல் வெறுப்பு என்ற பேச்சு போய், இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு வந்திருக்கிறது. அன்றைக்குப் பேப்பர்க்காரன் தப்பாக எழுதியது இன்றைக்குச் சட்டமாகவே ஆகிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இத்தனையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. கடையில் கூட்டம். 'ராஜத்துரோக' என்று மாற்றி அடித்தேன்.

"மிஸ் தேசத்துரோகம்னுதான் எழுதிப் போட்டாங்க. மார்க் போயிரும் மாமா."

சரி என்று ரெண்டு விதமாகவும் பிரிண்ட் எடுத்தேன். ஒரு காப்பிக்குத்தான் காசு வாங்கினேன். ரெண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.