‘ஆடுது’ என்றால் எப்படி ஆடுது?

எங்கள் தமிழ் ஐயாவிடம் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி நினைவிருக்கும். யாராவது எழும்பி ‘கதிரை ஆடுது ஐயா’ என்றால், ‘எப்படி ஆடுது? வடிவாச் சொல்லும்’ என்பார். மாணவர்களையும் ‘நீர்’ என்றுதான் அழைப்பார். ‘நல்லா ஆடுது’ என்ற பதிலோடு விடமாட்டார். கதிரையை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லி, கையால் அசைத்துப் பார்க்க வைப்பார். ஒரு கால் குட்டையென்றால் கதிரை ஒரு மூலைக்குச் சாய்ந்து மறுமூலைக்கு எழும்பும். அது ஆட்டம். பொருத்துகள் கழன்றிருந்தால் கதிரை முழுதும் லொடலொடக்கும். பாரத்தைத் தாங்குமோ தாங்காதோ என்ற நிலையில் இருந்தால் அது ஈடாட்டம். நிலம் மேடுபள்ளமென்றால் கதிரையில் பிழையே இல்லை, இடத்தை மாற்றினாலே போதும். சரியான சொல்லைப் பிடித்துவிட்டால் தச்சனுக்குப் பாதி வேலை முடிந்தது என்பது ஐயாவின் கட்சி.

அதே வருடம் பௌதிகவியல் ஆசிரியரும் அதையே வேறு பக்கத்திலிருந்து சொல்லித் தந்தார். முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாது, ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். சிக்கலைக் கொண்டுவருவது நாலாவது கால்தான். ஒரு கூம்பை அடியில் இருத்தி இலேசாகத் தட்டினால் பழைய இடத்துக்கே திரும்பும். அது உறுதிச் சமநிலை. முனையில் நிறுத்தினால் சிறு அசைவுக்கே விழும். அது உறுதியில் சமநிலை, அதாவது உறுதி இல்லாத சமநிலை. பக்கவாட்டில் கிடத்தி உருட்டினால் திரும்பியும் வராது, விழவும் விழாது, உருண்டு நின்ற இடத்திலேயே இருக்கும். அதற்குப் பாடநூல் வைத்த பெயர் நொதுமற் சமநிலை. அந்தச் சொல்லைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோனபோது ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. நொதுமலர் என்றால் நட்பும் பகையும் இல்லாத அயலார் என்று சொல்லி, அந்தப் பாடவேளை முழுவதையும் அதிலேயே கழித்தார். ஒரு பாடத்தில் படித்த சொல் இன்னொரு பாடத்தில் போய் விளங்குவதை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

பிறகு தொல்காப்பியத்தில் உரிச்சொற்களின் பொருளைச் சொல்லும் உரியியலுக்குப் போனோம். ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’, ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’. பரீட்சைக்காக மனனம் செய்த வரிகள். இவற்றைப் படிக்கும்போது ஐயா எங்களிடம் கேட்டுக் கவனிக்கச் சொன்னது ஒன்றைத்தான்: சுழல்வதையும் நடுங்குவதையும் அந்நூல் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை, இரண்டையும் வெவ்வேறு குடும்பங்களாக வைத்திருக்கிறது.

அந்தப் பிரிப்பு என் பிழைப்பாகும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? புலம்பெயர்ந்த பிறகு நான் மருத்துவமனைகளில் உரைபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் முதியவர்கள் வைத்தியரிடம் அதிகம் சொல்லும் வார்த்தை ‘தலைச்சுத்து’. வைத்தியருக்கு அந்த ஒரு சொல் போதாது. அவருடைய அனுமதியோடு நான் திரும்பக் கேட்பேன். ‘அம்மா, அறை சுத்துற மாதிரி இருக்கோ, கண் இருண்டு மயக்கம் வாற மாதிரி இருக்கோ, இல்லாட்டி நடக்கேக்க மட்டும் தள்ளாடுதோ?’ மூன்றும் மூன்று வழியில் போகும் கேள்விகள். படுக்கையில் புரளும்போது அறை சுழன்று ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால், உட்காதில் இருக்கும் நுண்ணிய பளிங்குத் துணிக்கைகள் இடம்பெயர்ந்திருக்கலாம். எழும்பி நிற்கும்போது கண் இருண்டால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுகிறதா என்று பார்ப்பார்கள். தலை தெளிவாக இருந்து கால் மட்டும் தள்ளாடினால் நரம்பையும் தசையையும் சோதிப்பார்கள். நோயை முடிவுசெய்வது என் வேலையல்ல. நோயாளி உணர்வது எதுவோ, அது மழுங்காமல் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிது என்பதை இந்த வேலையில் நாள்தோறும் காண்கிறேன்.

நடுக்கமும் அப்படித்தான். பார்க்கின்சன் நோயில் கை சும்மா மடியில் கிடக்கும்போதே நடுங்கும். ஒன்றை எடுக்கப் போனால் பெரும்பாலும் குறைந்துவிடும். வேறொரு வகையில் கை ஓய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, கோப்பையைத் தூக்கினால்தான் நடுங்கும். ‘கை நடுங்குது’ என்ற வசனத்தில் இந்த வேறுபாடு இல்லை. நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமும் இல்லை. குளிரில் வெடவெடக்கிறது, பயத்தில் உதறுகிறது, கண்ணிமை துடிக்கிறது. கேட்கிறவர் பொறுமையாகக் கேட்டால் முதியவர்கள் இவற்றைத் தாங்களாகவே எடுத்துத் தருவார்கள். அவர்களிடம் உள்ள சொல்வளம் நான் படித்த எந்த அகராதியையும் விடப் பெரிது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதயத் துடிப்பு. சாதாரணமாக, ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அடிக்கும். ஒழுங்கு தப்புவதிலும் இரண்டு வகை உண்டு. மூன்று அடிக்கு ஒன்று பிசகி, திரும்ப மூன்று அடித்து ஒன்று பிசகினால் அந்தப் பிசகுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தக் கணக்குக்கும் அகப்படாமல் அடித்தால் அது தாறுமாறு. இதயத்தின் மேலறைகளான சோணையறைகள் முறையாகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டிருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயில் நாடி இந்த இரண்டாவது விதமாகவே வரும். அதில் இரத்தம் தேங்கிக் கட்டியாகக்கூடும். பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். ஆகவே ஒருவர் ‘நெஞ்சு படபடக்குது’ என்கிறாரா, ‘தப்பித் தப்பி அடிக்குது’ என்கிறாரா என்பதை நான் மிகக் கவனமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். படபடப்பு வேகத்தைச் சொல்கிறது. தப்பித் தப்பி அடிப்பது ஒழுங்கைப் பற்றியது.

மனதைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்கள் இன்னும் நுட்பமாகின்றன. ஊசலுக்கு இரண்டு எல்லை உண்டு, அது நேரமும் தவறாது. ஒரு மீற்றர் நீள ஊசல் போய்வர ஏறக்குறைய இரண்டு செக்கன் எடுக்கும். ஆகையால் மனம் ஊசலாடுகிறது என்றால் இரண்டில் எதை எடுப்பது என்ற தவிப்பு. அலைபாய்கிறது என்றால் எல்லையே இல்லை. தளம்புவது வேறு, அது குறைகுடத்தின் குணம். தடுமாறுகிறவர் போக வேண்டிய வழியைத் தெரிந்துகொண்டே கால் பிசகுகிறவர். மனநலப் பிரிவில் ஒருவரின் பேச்சை உரைபெயர்க்கையில் இந்த நான்கையும் ‘குழப்பம்’ என்ற ஒரு பானையில் கொட்டிவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கொப்பியின் பின்பக்கத்தில் இத்தகைய சொற்களுக்கென்று ஐயா எங்களை ஒரு பட்டியல் எழுத வைத்திருந்தார். கோணல்மாணல், ஏறுமாறு, நெளிவு, திருகல் என்று அது பக்கம்பக்கமாக நீண்டது. இடைக்கிடை, விட்டுவிட்டு, திடீர்திடீரென்று என்று காலத்தின் ஒழுங்கின்மையைக் குறிப்பவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம். என்னுடைய கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. எங்கள் வகுப்பில் யாரிடமாவது அந்தப் பக்கங்கள் மிஞ்சியிருந்தால், படமெடுத்து இந்த மலரைத் தயாரிக்கும் குழுவுக்கு அனுப்புங்கள். சங்கத்தின் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவற்றை நானே எடுத்துப் படிப்பிக்கிறேன். முதல் பாடத்துக்கு ஆடுகிற கதிரை ஒன்றும் வேண்டும்.