பந்திங் பட்டறைக் குறிப்புகள்: பிரேக்கில் பிடிக்கும் மின்சாரம்

ஜூன் 3, 2025

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காடி (கார்) என்றாலே, "பேட்டரி எவ்வளவு பெரிசு?" என்றுதான் கேட்கிறார்கள். பந்தயத்தில் முதலில் கேட்க வேண்டியது, பிரேக் மிதிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடியில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கலாம் என்பதை.

பக்கத்து செப்பாங் பந்தயத் தடத்தின் முதல் வளைவிலேயே கணக்குப் போடலாம். 2014 காலத்து எஃப்1 (ஃபார்முலா 1) பந்தயக் காடி, ஓட்டுநரும் எரிபொருளும் சேர்த்து 740 கிலோ என்று வைப்போம். மணிக்கு 310 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கும்போது ஏறத்தாழ 2.5 மெகாஜூல் வெளியே போகிறது. கிராங்க் தண்டோடு பல்சக்கரத்தால் சேர்ந்து, மோட்டாராகவும் ஜெனரேட்டராகவும் வேலைசெய்யும் எம்ஜியு-கே, அன்றைய விதிப்படி 120 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. இரண்டரை வினாடிக்கு 0.3 மெகாஜூல்தான். எட்டில் ஒரு பங்குகூடத் தேறவில்லை! மற்றதெல்லாம் காற்றிலும் கார்பன் டிஸ்க்கிலும் சூடாகக் கரைகிறது.

ஜூன் 5

2009இல் எஃப்1-க்கு வந்த, பிரேக் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் கெர்ஸ் அமைப்பு 60 கிலோவாட். தடத்தின் ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல். பொத்தானை அமுக்கினால் ஆறே முக்கால் வினாடிக்குள் தீர்ந்துவிடும். 2014 விதியில் பேட்டரியிலிருந்து ஒரு சுற்றுக்கு 4 மெகாஜூல் செலவழிக்கலாம். அதாவது 120 கிலோவாட்டில் 33 வினாடி. ஆனால் எம்ஜியு-கே பேட்டரிக்கு அனுப்ப 2 மெகாஜூல்தான் அனுமதி.

செப்பாங்கில் பலமாக பிரேக் மிதிக்கும் இடங்கள் நாலைந்துதான். பிரேக்கை மட்டும் நம்பினால் அந்த 2 மெகாஜூலே நிறையாது. அதனால் வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரின் பாதி மிதியில் எஞ்சினை ஜெனரேட்டருக்கு எதிராக ஓட்டுவார்கள். நேர்சாலை முடிவிலும் கொஞ்சம் பிடிப்பார்கள். அப்போது காடியின் பின்புறச் சிவப்பு விளக்கு மினுக்கும். எஞ்சிய பற்றாக்குறையை, எஞ்சின் புகையால் சுழலும் டர்போவின் தண்டில் உட்கார்ந்து மின்சாரம் எடுத்த எம்ஜியு-எச் ஈடுகட்டியது. நிமிடத்துக்கு 1,25,000 முறை வரை சுழன்ற அதற்கு, தடத்தின் ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற வரம்பே இல்லாமல் இருந்தது. பிடித்ததை நேராக எம்ஜியு-கேவுக்குக் கொடுக்க முடிந்தது. இந்த முழு அமைப்பிலும் மிக அழகான பாகம் அதுதான்.

ஜூன் 11

மின்பிடிப்பு நின்றால் பிரேக்கும் கெடும். 2014 கனடா பந்தயத்தில் இரண்டு மெர்சிடிஸ் காடிகளிலும் எம்ஜியு-கே வேலைசெய்யாமல் போனது. பின் சக்கரத்தில் ஜெனரேட்டர் சுமந்த பாரம் முழுக்கச் சின்ன டிஸ்க்குகளின் மேல் விழுந்தது. ஒன்றை ஓட்டிய ஹாமில்டனின் பின் பிரேக் சூடேறிச் செத்தது. மற்றதை ஓட்டிய ரோஸ்பெர்க் சமாளித்து இரண்டாவதாக வந்தார்.

சாலைக் காடியிலும் இதே விதிதான். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பேட்டரி நிறைந்துவிட்டால் மின்பிடிப்பு நின்றுபோகும். டொயோட்டாவின் பிரியஸ் சி ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இறக்கத்தில் கியரை பி (B) நிலைக்கு மாற்றுங்கள். எஞ்சின் இழுப்பு டிஸ்க்கைக் காப்பாற்றும்.

ஜூன் 14

செம்பனை லாரி ஓடும் செம்மண் பாதையில் போகும் பிரியஸ் சி காடிகளுக்கு எமன், பின் இருக்கைப் பக்கத்துக் காற்றுத் துளை. அதில் தூசி அடைத்தால் பேட்டரி விசிறி வீணாகச் சுற்றும். பேட்டரி செல் சூடானால் காடியின் கணினி மின்னோட்டத்தைக் குறைக்கும், எஞ்சின் அடிக்கடி விழிக்கும், கடைசியில் பி0ஏ80 (P0A80) என்ற பேட்டரிப் பிழைக்குறியீடு வரும். குறியீடு வந்ததும் முழு பேட்டரியையும் மாற்றச் சொல்வது அநியாயம். முதலில் விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே 7.2 வோல்ட் மாட்யூல்கள் (செல் தொகுப்புகள்) 20, மொத்தம் 144 வோல்ட். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 1.2 வோல்ட் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு செல் போய்விட்டது.

கைவைக்கும் முன்: சாவியைத் தூர வையுங்கள், 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், 1000 வோல்ட் ரப்பர் கையுறை போடுங்கள், பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை இழுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். இன்வெர்ட்டர் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே ஸ்பேனர்.

எஃப்1-லும் இதே ஆபத்துதான். 2008இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்துச் சோதனை ஓட்டத்தில் பிஎம்டபிள்யூ காடியைத் தொட்ட மெக்கானிக்கை மின்சாரம் தூக்கி எறிந்தது. அடுத்த ஆண்டு செப்பாங் பயிற்சியில் ரைக்கோனன் ஓட்டிய ஃபெராரியின் கெர்ஸ் பழுதாகிப் புகை கக்கியது. இன்று காடியின் மேல் பச்சை விளக்கு எரிந்தால்தான் தடத்து ஊழியரான மார்ஷல் அதைத் தொடலாம்.

ஜூன் 20

2026 விதியில் எம்ஜியு-கே 350 கிலோவாட். ஜூன் 3 கணக்கில் போட்டால் அதே இரண்டரை வினாடிக்கு 0.875 மெகாஜூல், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எம்ஜியு-எச் நீக்கப்பட்டது. செலவு அதிகம், சாலைக் காடிக்கு வராது என்பது காரணம். புரிகிறது, ஆனாலும் மனசு கேட்கவில்லை. டர்போவை மோட்டாரால் சுழற்றிவைக்க இனி ஆளில்லை, மிதித்ததும் டர்போ வேகம் பிடிக்க ஆகும் தாமதத்தைத் திரும்பவும் எஞ்சினே சமாளிக்க வேண்டும். புகைபோக்கியில் போகும் சூடும் வீண்தான்.