ஐயாவின் றேடியோவும் ஒரு செம்பு வளையமும்

ஒக்ரோபர் 4

புன்னாலைக்கட்டுவனில் இருந்து ஐயா காலையிலேயே கோல் எடுத்தார். போன மாதம் அவருடைய தோட்டக் கிணற்றுக்கு நான் பூட்டிக் கொடுத்த தண்ணீர்மட்டப் பெட்டி நல்லாய் வேலை செய்கிறதாம். "ஆனா தம்பி, உம்மட பெட்டியைப் போட்டா றேடியோ இரையுது. மரண அறிவித்தல் ஒண்டும் விளங்குதில்லை."

பின்னேரம் போய்ப் பார்த்தேன். பெட்டியின் பிளக்கைக் கழற்றினால் எஃப்.எம். தெளிவு. மாட்டினால் சர்ரென்று ஒரே இரைச்சல். மோட்டார் நிற்கும்போதும் இரைகிறது. அப்படியென்றால் மோட்டார் காரணமில்லை, என் பலகைதான். ஊரில் ஆர் போனது என்று அந்த மனிசனுக்குக் காலையில் தெரிய வேண்டும். இதைச் சரிசெய்யாமல் அடுத்த பெட்டியை விற்க எனக்கு மனம் வராது.

ஒக்ரோபர் 5

சந்தேகம் 12 வோல்ற்றை 5 வோல்ற்றாக இறக்கும் எல்.எம்.2596 பகுதியில். அது மின்சாரத்தை 150 கிலோஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு ஒன்றரை லட்சம் தடவை, வெட்டி வெட்டி விடுகிறது. எஃப்.எம். பட்டையோ 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. ஒவ்வொரு வெட்டிலும் பலகையில் எங்கோ ஒரு மின்னோட்ட வளையம் மணி அடித்தது போல அதிர்ந்தால் மட்டுமே இரைச்சல் அவ்வளவு மேலே போகும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த மீடிறனில் எவ்வளவு சத்தம் என்று திரையில் காட்டும் ரைனி எஸ்.ஏ. என்ற சின்னக் கருவி கையில் இருக்கிறது, 350 மெகாஹேர்ட்ஸ் வரை ஒரே உள்ளீட்டில் காட்டும். இல்லாதது மூக்கு: பலகைக்குக் கிட்டப் பிடித்து மோப்பம் பார்க்கும் நியர் ஃபீல்ட் புறோப்.

இரவு முழுக்க அதைத்தான் தேடினேன். ரெக்பொக்ஸ் நிறுவனத்தின் புறோப் தொகுதியில் காந்தப்புலத்தைப் பிடிக்க 20, 10, 5 மில்லிமீற்றர் வளையங்கள் மூன்றும் மின்புலத்துக்கு ஒரு முனையும் இருக்கின்றன. ஏன் மூன்று அளவு என்றால், பெரிய வளையம் தூரத்திலேயே மணக்கும், ஆனால் இடத்தைச் சரியாகச் சொல்லாது. சின்னது இடத்தைச் சொல்லும், ஆனால் மெல்லிய சத்தம் அதற்குக் கேட்காது. நல்ல சாமான். இறக்குமதிச் செலவையும் சேர்த்துப் பார்த்தபின் பக்கத்தை மூடிவிட்டேன்.

ஒக்ரோபர் 10

மருமகன் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் இருந்து வந்திருக்கிறான். கூடப் படிக்கும் பெடியனிடம் இருந்த மலிவுத் தொகுதி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். நாலு சின்னப் பலகைத் துண்டு, "9 கிலோஹேர்ட்ஸ் முதல் 6 கிகாஹேர்ட்ஸ் வரை" என்று உறையில் போட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பி யாரும் வாங்க வேண்டாம். வளையத்தில் தூண்டப்படும் மின்னழுத்தம் மீடிறனோடு கூடும். அதே மின்னோட்டத்துக்கு 100 மெகாஹேர்ட்ஸில் கிடைப்பதைவிட 1 மெகாஹேர்ட்ஸில் 40 டெசிபெல் குறைவாகத்தான் வரும். 9 கிலோஹேர்ட்ஸில் என்ன மிஞ்சும்?

பார்க்க வேண்டியது வேறு. எல்.எம்.2596 மின்சாரத்தை வெட்டி விடும் முனையில் ஒரு விரல் நீள வயரைச் சோல்டர் பண்ணி, மற்ற நுனியை வெறுமனே விட்டேன். அந்த வயரில் மின்னழுத்தம் துள்ளும், மின்னோட்டம் ஓட வழியில்லை. காந்தப்புலத்தை மட்டும் பிடிக்கும் வளையம் அங்கே ஏறக்குறைய பேசாமல் இருக்க வேண்டும். இரவல் வளையமோ கத்தியது. 180 பாகை திருப்பிப் பிடித்தேன், அளவு 7 டெசிபெல் மாறியது. மின்புலத்தைத் தடுக்கும் உலோகக் கவசம் இல்லாத வளையம், அதையும் சேர்த்தே குடிக்கிறது.

"அப்ப இது குப்பையோ மாமா?"

குப்பை இல்லை. பலகையின் எந்த மூலையில் சத்தம் என்று காட்டும். எந்தக் கால், எந்தப் பாதை என்று கேட்டால்தான் பொய் சொல்லும்.

ஒக்ரோபர் 12

நானே செய்தேன். பழைய தொடர்பாடல் கருவி ஒன்றைக் கழற்றியபோது எடுத்து வைத்த செமி ரிஜிட் வயர் கிடந்தது. 2.2 மில்லிமீற்றர் செம்புக் குழாய், உள்ளே ஒரு கம்பி, இரண்டு பக்கமும் எஸ்.எம்.ஏ. என்ற திருகு இணைப்புத் தலை. நடுவில் வெட்டினால் இரண்டு புறோப். நுனியை ஒரு பேனாவில் சுற்றி வளைத்தேன். அந்த நுனியின் உள் கம்பியையும் வெளிக் குழாயையும் வளையத்தின் அடியில், வளையம் தொடங்கும் இடத்துக் குழாயோடு சேர்த்துச் சோல்டர் பண்ணினேன். பிறகு வளையத்தின் உச்சியில் வெளிச் செம்பை மட்டும் ஒரு மில்லிமீற்றருக்கு வட்டமாய் அறுத்தேன். இந்த இடைவெளி இல்லாவிட்டால் கவசம் முழுச் சுற்றாகி வளையத்தைக் குருடாக்கிவிடும். அறுக்கும்போது கை நடுங்கக் கூடாது, உள் கம்பி தப்ப வேண்டும். கடைசியில் முழுவதற்கும் ஹீட் ஷ்ரிங், சூட்டில் சுருங்கும் பிளாஸ்ரிக் உறை, போட்டேன். வெறும் செம்பு பலகையில் பட்டால் பலகையும் போகும், ரைனியும் போகும்.

வெறும் வயர்ச் சோதனையில் அமைதி. திருப்பிப் பிடித்தால் ஒரு டெசிபெல்கூட மாறவில்லை.

ஒக்ரோபர் 13

மழை. பகல் முழுக்க கரண்ட் இல்லை.

ஒக்ரோபர் 15

வளையம் சின்னது, சத்தம் மெல்லியது. ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கலாமா என்று யோசித்தேன். முதலில் ரைனி ஒரே நேரத்தில் கேட்கும் பட்டையின் அகலத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பார்த்தேன். கருவியின் சொந்த அடி இரைச்சல் 10 டெசிபெல் இறங்கியது. போதும்.

வளையத்தின் தளம் பாதையின் நீளவாக்கில் இருந்தால் அளவு உச்சம், குறுக்கே திருப்பினால் விழுந்துவிடும். மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை இப்படியே தொடர்ந்து போகலாம். போனேன். உள்ளீட்டுக் கப்பாசிற்றரில் இருந்து எல்.எம்.2596 ஐ.சி.க்கும், டயோட்டின் தரை வழியாகத் திரும்பவும் ஒரு வளையம். அந்தச் செராமிக் கப்பாசிற்றரை ஐ.சி.யில் இருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளி வைத்தது நான்தான். புதிதாக ஒன்றை ஐ.சி.யின் உள்ளீட்டுக் காலுக்கும் டயோட்டின் தரைக்கும் நேரே சோல்டர் பண்ணினேன். உயரம் மாறாமல் இருக்க புறோப்பில் ஒரு தீப்பெட்டி அட்டையை ஒட்டி, அதே இடத்தில் திரும்ப அளந்தேன். 14 டெசிபெல் குறைவு.

ஒக்ரோபர் 16

வீட்டு றேடியோ இன்னும் மெல்ல இரைகிறது. பலகைக்குக் கிட்ட 14 டெசிபெல் குறைந்தால் தூரத்திலும் அதே 14 குறையும் என்று ஒரு விதியும் இல்லை. எந்த விலை புறோப்பும் அதைச் சொல்லாது. 100 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 3 மீற்றர், கால் அலை 75 சென்ரிமீற்றர். என் பலகை உள்ளங்கை அளவு. வானத்தில் பேசுவது பலகை இல்லை, கிணற்றுக்குள் இறங்கும் மிதவை வயர். பெட்டியில் இருந்து அது வெளியேறும் இடத்தில் இரவல் தொகுதியின் பெரிய வளையத்தை வைத்தேன், தெளிவான மேடு. இரைச்சலை அடக்கும் காந்தக் கருவான ஃபெரைற்றில் வயரை மூன்று சுற்றுச் சுற்றியதும் மேடு படுத்துவிட்டது.

அந்தப் பெடியனிடம் பெரிய வளையத்தை விலைக்குத் தருவானா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற மூன்றும் வேண்டாம்.

ஒக்ரோபர் 19

காலை ஆறரைக்கே தோட்டத்துக்குப் போய்ப் பலகையை மாற்றி ஃபெரைற்றையும் பூட்டினேன். ஐயா றேடியோவைப் பெட்டிக்கு மேலேயே வைத்தார். அறிவித்தல் தொடங்கியது. இணுவிலைப் பிறப்பிடமாகவும் கோண்டாவிலை வசிப்பிடமாகவும் கொண்ட ஒருவர். ஐயா கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார், கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டார்.

"என்னோட படிச்சவன்" என்று சொல்லிவிட்டு, சேட்டை மாற்ற உள்ளே போனார்.